ஓக்லாள் வாயை மூடிக்கொண்டது

ஓக்லாளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் ஆட்டுப்பட்டிக்குத்தான் போக வேண்டும். மனிதர்களிடம் கிடைக்காது. கிணற்றடியில் நிற்கும் பெண்களைக் கேட்டால், "அவளா?" என்று சொல்லித் தரையில் துப்புவார்கள். ஊர்வாசலில் உட்கார்ந்து நியாயம் பேசும் பெரியவர்களைக் கேட்டால், தாடியைத் தடவிக்கொண்டு இந்த வருஷம் மழை எப்படி என்று பேச்சை மாற்றுவார்கள். அவர்களில் பாதிப் பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். மீதிப் பாதிக்கு இன்னும் முறை வரவில்லை.

எப்ரோன் பட்டணத்துக்குத் தெற்கே, மலை இறங்கி அத்திமரங்கள் முடிந்து முட்செடி தொடங்குகிற இடத்தில் அந்த ஊர். அதற்கும் தெற்கே, ஆட்டுமயிர்க் கூடாரத்தில் பிறந்தவள் ஓக்லாள். யாமின் என்பவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது அவள் அப்பன் சீராகக் கொடுத்தது சில கறவை ஆடுகள், தயிர் கடைய மாதுளைத் தோலில் ஊறவைத்துப் பதப்படுத்திய ஒரு ஆட்டுத்தோல் பை, அதாவது மோர்த்தோல், அப்புறம் தன்னுடைய நாக்கு. ஆடுகள் பெருகின. தோல் கிழிந்து வேறு தோல் வந்தது. நாக்கு மட்டும் அப்படியே இருந்தது, தேயவே இல்லை.

கை வேறு மாதிரி. பால்பானையில் விரலை விட்டு எடுத்து நக்கிப் பார்த்தால் போதும், இன்றைக்கு ஆடு எந்தச் சரிவில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு, மேய்த்தவனைத் திட்டுவாள். காலையில் கறந்தது மறுநாள் தயிராகும். மூன்று கம்புகளைக் கட்டிய முக்காலியில் தோலைத் தொங்கவிட்டு, பாதி தயிரும் மீதி காற்றுமாக நிரப்பி, வாயைக் கட்டி, முன்னும் பின்னும் ஆட்டுவாள். சளப் சளப் என்று தெருக்கோடி வரை கேட்கும். வெண்ணெய் திரண்டபின் மிஞ்சும் மோரைக் காய்ச்சி வடிகட்டி, உப்புப் போட்டு உருட்டி, மாடியில் வெயிலில் வைத்தால் கல்லாகிவிடும். மழையில்லாத மாதங்களில் அந்தக் கல்லை நனைத்துத்தான் ஊருக்கே குழம்பு. குதிகால் வெடித்தால் அவள் வெண்ணெய், பிள்ளைக்குக் கண்ணில் பீளை கட்டினால் அவள் பட்டியிலிருந்து பால், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஓடிவந்து அவளிடம் ஒரு கிண்ணம் தயிர். வாங்கிப் போகிறவர்கள் கூடவே நாலு வசவும் வாங்கிப் போவார்கள். தயிர் நன்றாக இருந்ததால் பொறுத்துக்கொண்டார்கள்.

அஞ்சு வருஷம் வயிறு திறக்கவில்லை. யாமின் நல்லவன்தான். அந்த நல்ல குணத்தை வெளியே எடுக்கத்தான் அவனுக்குத் தைரியம் கிடையாது. சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்டு, எப்ரோனில் வாசனை எண்ணெய் விற்கிற ஒருவனின் மகளை இரண்டாவதாகக் கட்டி அழைத்து வந்தான். பெயர் சிபியாள். முற்றத்தில் கால் வைத்ததும் அவள் முதலில் செய்த காரியம், மூக்கைப் பொத்திக்கொண்டது.

ஓக்லாள் தோலை ஆட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"மூக்கப் பிடிச்சுகிட்டே எத்தன நாளைக்குச் சோறு தின்பே, ராணி?"

"பழகிருவேன் அக்கா," என்றாள் சிபியாள். "உங்க பக்கத்துல நின்னா எது வேணும்னாலும் பழகிரும்."

முடிந்தது. அன்றைக்கு மூட்டிய நெருப்புக்கு இரண்டு பேரும் மாற்றி மாற்றி விறகு போட்டார்கள்.

அதே வருஷம் ஓக்லாள் உண்டானாள். கிணற்றடியில் சிரிப்புத் தாங்கவில்லை. "பக்கத்து நெலத்துல ஏர் பூட்டினான், இவ நெலத்துல மொளச்சிருச்சு" என்றார்கள். பிறந்தது பெண். நோவாள் என்று பெயர் வைத்தார்கள். வலியில் ஓக்லாள் ஊரே கேட்கக் கத்தியிருந்தாள் போல. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிபியாள், "இவ்வளவு சத்தத்துக்கு ஒரு பொட்டப்பிள்ளதானா?" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே அது தங்கிவிட்டது.

அதற்கப்புறம் நடந்த போர்களை எழுதினால் ஆட்டுத்தோல் பத்தாது. எப்ரோனிலிருந்து சிபியாளின் அண்ணன்மார் வந்த அன்று, அவர்களுக்கென்று சூடுபண்ணி வைத்த பாலில் ஓக்லாள் அத்திக்கிளையை ஒடித்து நாலு சொட்டுப் பால்பசை விட்டாள். கிண்ணத்தில் ஊற்றும்போது கட்டி கட்டியாகத் திரிந்து விழுந்தது. அண்ணன்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிபியாள் கிண்ணங்களைத் திரும்பப் பொறுக்கினாள். ஓக்லாள் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள், உலகத்தில் அதைவிட முக்கியமான வேலை இல்லாத மாதிரி.

சிபியாளும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் ஓக்லாள் தோலை ஆட்டு ஆட்டு என்று ஆட்டியும் வெண்ணெய் திரளவில்லை. தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். அவிழ்த்துத் தடவிப் பார்த்தால், தையலோரத்தில் கருவேல முள் குத்திய ஓட்டை. காற்று முழுக்க அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. முள்ளைக்கூட எடுக்காமல் விட்டிருந்தாள் மகராசி.

யாமின்? பட்டியில் வேலை இருக்கிறது என்று போய்விடுவான். ஆடுகள் அவனிடம் எதையும் கேட்பதில்லை.

மூன்றாம் வருஷம் சிபியாளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பேலேத் என்று பெயரிட்டார்கள். விருந்துக்கு வேண்டிய வெண்ணெய் முழுதும் ஓக்லாள் எடுத்தது. அவளை உட்காரவைத்தது வைக்கோல் போர் பக்கம். அவள் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

இப்படி இருக்கும்போதுதான் அது வந்தது. பேலேத்துக்கு நாலாவது மாசம். மழை ஓய்ந்து ஆட்டுக்குட்டிகள் பாலை மறந்து புல்லைக் கடிக்கத் தொடங்கிய பருவம். சிபியாளுக்குப் பால் கட்டிக்கொண்டது. இரண்டு மார்பும் கல்லாக இறுகி, தொட்டாலே அலறினாள். காய்ச்சல் அனலாக அடித்தது. மருத்துவச்சி தீர்சாள் அத்திப்பழத்தை நசுக்கிச் சூடாக வைத்துக் கட்டினாள். ஒரு பக்கம் உடைத்துக்கொண்டு சீழ் வந்தது. மறுபக்கம் வற்றியே போனது.

குழந்தைக்கு ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, கொம்பில் ஊற்றி, நுனியில் துணி சுற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்தது. குடித்ததை எல்லாம் இரண்டு வழியாகவும் வெளியே தள்ளியது. உச்சிக்குழி உள்ளே போய்விட்டது. அழுகை சின்னதாகிக்கொண்டே வந்தது.

தீர்சாள் யாமினை முற்றத்துக்கு இழுத்து வந்தாள்.

"இத பாரு. ஆட்டுப்பால் ஆட்டுக்குட்டிக்கு. இவனுக்கு மனுஷப் பால் வேணும். இல்லன்னா இவன் உனக்கில்ல."

"ஊர்ல யாரு இருக்கா?"

"மேலத்தெருவுல ஒருத்தி ரெட்டப்பிள்ளைய வச்சுகிட்டு அவளே எலும்பாக் கெடக்கா. வேற யாரு? உன் வீட்டுலயே ஒருத்தி வச்சிருக்காளே. உனக்குத் தெரியாதாக்கும்."

தெரியும். நோவாளுக்கு மூன்றாவது வயது நடந்துகொண்டிருந்தது, இன்னும் பால் மறக்கவில்லை. விளையாட்டுக்கு நடுவே ஓடிவந்து, நின்றபடியே குடித்துவிட்டு ஓடிப்போவாள்.

யாமின் ஓக்லாளிடம் போனான். அவள் தோலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓக்லா."

"திரளுற நேரம். பேசாத."

அவன் நின்றான். அவள் ஆட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை முனகியது.

"பிள்ளைக்கு ரொம்ப முடியல."

"எனக்குக் காது இருக்கு."

"அதான்... நீ கொஞ்சம்..."

"என்ன கொஞ்சம்? வாயில என்ன வச்சிருக்க, எடுத்துட்டுப் பேசு."

"பால் குடுக்கணும் நீ."

ஓக்லாள் தோலைப் பிடித்து நிறுத்தினாள். "யாரு கேக்குறது? நீயா, அவளா?"

"நான்தான் கேக்குறேன்."

"உனக்குக் குடுக்க நீ என்ன கைப்பிள்ளையா? அவ வந்து கேக்கட்டும். நடக்க முடியலன்னா தவழ்ந்து வரட்டும். என் வாசல்ல நின்னு, அக்கா, என் பிள்ளைக்குப் பால் குடுன்னு அவ வாயால கேக்கட்டும். குடுக்குறேன்."

யாமின் அதைச் சுமந்துகொண்டு சிபியாளிடம் போனான். அவள் பாயில் சுருண்டு கிடந்தபடியே சொன்னாள், "அவ பாலக் குடிச்சா என் பிள்ளைக்கு அவ நாக்கு வந்துரும். போய்ச் சொல்லு. கர்த்தர் எடுத்துக்கிட்டாலும் எடுத்துக்கட்டும், அவகிட்ட கேக்கமாட்டேன்."

இதை அவன் ஓக்லாளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நடுவில் இருந்தது ஒரு மண்சுவர்தான்.

இரண்டு பொம்பளைகளின் பிடிவாதத்துக்கு நடுவே அந்தப் பிள்ளை கிடந்தது. அதற்கு இதெல்லாம் தெரியாது. பசி மட்டும் தெரியும்.

ஓக்லாளின் மனசு கல்லாகத்தான் இருந்தது. உடம்புதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சுவருக்கு அப்பால் முனகல் கேட்கும்போதெல்லாம் மார்பு குறுகுறுத்துப் பால் தானாக இறங்கியது. அங்கி முன்பக்கம் நனைந்தது. மாற்றினாள். மறுபடி நனைந்தது. குழந்தையைத் திட்டினாள், தன்னைத் திட்டினாள், ஒன்றும் பலிக்கவில்லை. சத்தம் கேட்காத தூரத்துக்குப் போகலாமென்று குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அங்கே ஒருத்தி அவள் நெஞ்சை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னடி ஓக்லா, குடம் ஒழுகுதா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓக்லாள் பதில் சொல்லாமல் திரும்பி வந்தாள்.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் சிபியாள் குழந்தையின் உச்சியை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் உள்ளே போனது. பிள்ளையைத் துணியில் சுற்றினாள். பிறகு தீர்சாளைக் கூப்பிட்டாள்.

"கொண்டுபோ."

"என்னன்னு சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாத. கொண்டுபோன்னா கொண்டுபோ."

தீர்சாள் குழந்தையைக் கொண்டுவந்து ஓக்லாளின் மடியில் பொத்தென்று வைத்தாள்.

"அவ கேக்கலியே," என்றாள் ஓக்லாள்.

"நான் மடியில போட்டாச்சு. வேண்டாம்னா நீயே எடுத்துத் தரையில போடு."

குழந்தையில் கனமே இல்லை. அன்று பிறந்த ஆட்டுக்குட்டிகூட இதைவிடக் கனக்கும். ஓக்லாள் அங்கியை விலக்கினாள். வாயில் வைத்தாள். அவள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுபடி வைத்தாள். முதுகை வில்லாக வளைத்து வீறிட்டது. இருந்த கொஞ்ச உயிரையும் அழுகையில் கொட்டியது. பால் அதன் கன்னத்தில், காதில், கழுத்தில் வழிந்தது. வாய்க்குள் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை.

"என்னடா இது," என்றாள் ஓக்லாள். "என் பாலு வேண்டாங்குறியா? ஊரே என் கைப்பால் வாங்கித் தின்னுட்டுக் கெடக்கு, நீ வேண்டாங்குறியா?"

அந்தக் குரலைக் கேட்டு அது இன்னும் வீறிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிபியாள், பேச முடியாத தொண்டையால் பேசினாள். "பாத்தியா. என் பிள்ளைக்குத் தெரியும்."

ஓக்லாள் இதுவரை எத்தனையோ அவமானம் பார்த்தவள். வைக்கோல் போர் பக்கம் உட்காரவைத்ததைப் பார்த்தவள். ஆனால் பால் வேண்டாம் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. மடியில் கிடந்த அந்த எலும்புக்கூட்டை அவள் வெறித்துப் பார்த்தாள். இது பிடிவாதம் இல்லை, பயம் என்று அவளுக்குப் புரிந்தது. பட்டியில் இதைத் தலைகீழாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். குட்டி செத்த தாயாடு, தாய் செத்த குட்டியை முட்டித் தள்ளும். செத்த குட்டியின் தோலை உரித்து அனாதைக் குட்டியின் முதுகில் போர்த்திவிட்டால், மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் நின்று பால் கொடுக்கும். இங்கே மோந்து பார்க்கிறது குட்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். மூன்று வருஷமாக மிதிக்காத வாசலைத் தாண்டி சிபியாளின் அறைக்குள் போனாள்.

"உன் முக்காட்டக் குடு."

சிபியாள் தலையிலும் தோளிலும் சுற்றியிருந்த துணியை இறுக்கிப் பிடித்தாள். எப்ரோனில் நெய்த துணி. அப்பன் கடை எண்ணெய் வாசம், காய்ச்சல் வேர்வை, காய்ந்த பால், எல்லாம் கலந்து அடித்தது.

"எதுக்கு? என் பிள்ளைய எடுத்துகிட்ட, துணியும் வேணுமா? அடுத்து பாயையும் கேப்பியா?"

"உன் துணியப் போட்டு அழகு பாக்கவா வந்தேன்? அதுல அடிக்கிற நாத்தம் வேணும். நாத்தம்தான் இவனுக்கு அம்மா. குடு."

"தரமாட்டேன்."

தீர்சாள் வாதாடவில்லை. குனிந்து உருவி எடுத்து ஓக்லாளின் தலையில் போட்டுத் தோளைச் சுற்றி மூடினாள். ஓக்லாள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். குழந்தையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். அது விசும்பலை நிறுத்தியது. மூக்கை அசைத்தது. நெஞ்சுப் பக்கம் முகத்தைக் கொண்டுவந்தது.

"வாடா," என்றாள் ஓக்லாள்.

வீறிட்டது.

"வாய மூடு," என்றாள் தீர்சாள். "உன் குரலக் கேட்டா செத்த பிணமே எந்திரிச்சு ஓடும், பச்சப்பிள்ள என்ன பண்ணும்? நீ மூச்சு விடக்கூடாது. அவதான் பேசணும். ஏய் சிபியா, எந்திரி. இவ முதுகுப் பக்கம் வந்து உக்காரு. தோள் மேல மொகத்த வச்சுப் பேசு, பிள்ளைக்குக் குரல் பக்கத்துல கேக்கணும்."

"இவ தோள்மேலயா?"

"பிள்ள வேணுமா, வேண்டாமா?"

சிபியாள் சுவரைப் பிடித்து எழுந்து, ஓக்லாளின் முதுகில் தன் உடம்பு படாமல் உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. உடம்பில் தெம்பில்லை. கடைசியில் முழுப்பாரத்தையும் எதிரியின் முதுகில் சாய்த்து, எதிரியின் தோளில் தாடையை வைத்தாள். காய்ச்சல் சூடு ஓக்லாளின் கழுத்தில் அடித்தது.

"என்னத்தப் பேச?"

"தாலாட்டு."

"வரல. தொண்ட வறண்டு கெடக்கு. ஒண்ணும் ஞாபகம் வரல."

"வாயில வர்றதச் சொல்லு. குரல் மட்டும் மெதுவா இருக்கட்டும்."

சிபியாளின் வாயில் வந்தது ஒன்றுதான். மூன்று வருஷமாக அங்கே அது மட்டும்தான் இருந்தது. தாலாட்டு ராகத்தில் மெல்ல ஆரம்பித்தாள்.

"ஆராரோ... என் ராசா... உன்ன மடியில வச்சிருக்கிறது யாரு தெரியுமா, கண்ணு... புளிச்ச தோலு... கழுவாத புளிச்ச தோலு... கிட்டப் போனா ஈ கூட மயங்கி விழும், தங்கம்..."

ஓக்லாளின் முதுகு விறைத்தது. வாயைத் திறந்தாள். தீர்சாள் விரலை நீட்டினாள். மூடினாள்.

குழந்தையின் உதடு காம்பைத் தொட்டது.

"விடாதே, பேசு," என்றாள் தீர்சாள்.

"எங்கண்ணன்மார் முன்னால பாலத் திரிய வச்சாளே... அந்த மூஞ்சி, என் செல்லம்... அந்த மூஞ்சியப் பாத்தா கழுதை கூட கண்ண மூடிக்கும்... ஆராரோ... ஆரிரரோ..."

ஒரு சப்பு. இன்னொரு சப்பு. அப்புறம் 'மடக்'கென்று விழுங்குகிற சத்தம். சிபியாளின் குரல் அந்த இடத்தில் உடைந்து நின்றது. குழந்தையும் நிறுத்தியது.

"நிறுத்தாத."

திட்டினாள். அவள் நடையைத் திட்டினாள், மூக்கைத் திட்டினாள், அவளைப் பெற்றவனைத் திட்டினாள், அவள் பிறந்த கூடாரத்தின் ஆணிகளைத் திட்டினாள், எல்லாவற்றையும் தேன் ஒழுகுகிற குரலில். ஓக்லாள் கால்விரல்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வசவுக்கும் அவளிடம் பதில் இருந்தது, ஒவ்வொன்றும் அருமையான பதில், அத்தனையும் தொண்டையில் வந்து நின்று நின்று திரும்பிப் போயின. நெற்றி வேர்த்தது. தீர்சாள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

குழந்தை ஒரு பக்கம் காலிபண்ணிவிட்டு மறுபக்கத்துக்குத் திரும்பியபோது சிபியாளிடம் வசவு தீர்ந்துவிட்டது. குரல் நிற்கக்கூடாது. எதையாவது சொல்ல வேண்டும்.

"நான் வந்தன்னிக்கு, ராசா... ஒரு வாய் தண்ணி குடுத்தாளா இவ... எப்ரோன்லேர்ந்து கழுதை மேல வந்தேன்... நாக்கு ஒட்டிப்போயி வந்தேன்... நாத்தத்துக்கா மூக்கப் பிடிச்சேன்... அழுகைய அடக்கத்தான்டா பிடிச்சேன்... ஆராரோ... இவள மாதிரி தோல் ஆட்ட வரல எனக்கு... மாடியில நின்னு இவ கையப் பாத்துப் பாத்து ஆட்டிப் பாத்தேன்... தண்ணி தண்ணியாத்தான் வந்துச்சு... அதுக்குத்தான் முள்ள எடுத்துக் குத்தினேன், கண்ணு... புளிச்ச தோலுக்கு மட்டும் வெண்ணெய் திரளுதே... எனக்குத் திரளலியே..."

ஓக்லாள் முக்காட்டைப் பிள்ளையின் மேல் இன்னும் இழுத்துவிட்டாள். இதற்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை. இருந்திருந்தாலும் சொல்ல முடியாது. தோளில் ஏதோ நனைந்தது. வேர்வையாக இருக்கும் என்று வைத்துக்கொண்டாள்.

குழந்தை காம்பை விட்டுவிட்டுத் தூங்கியது. வயிறு கொஞ்சம் மேடாகியிருந்தது. குடித்தது வெளியே வரவில்லை.

சிபியாள் பாய்க்குத் தவழ்ந்து போனாள். ஓக்லாள் முக்காட்டைக் கழற்றாமல் எழுந்து வாசல் வரை வந்தாள். அங்கே நின்று, திரும்பாமல் சொன்னாள்:

"மூஞ்சியப் பத்திச் சொன்னியே. உன் மூஞ்சிய நீ தண்ணியில பாத்தது இல்லபோல."

"சாயங்காலம் வருவியா?" என்றாள் சிபியாள்.

"வராம? உன் ஆட்டம் தீர்ந்திருச்சுன்னு நெனச்சியா, நான் ஒண்ணுக்காவது பதில் சொல்லணும்ல."

சாயங்காலம் வந்தாள். பதில் சொல்ல முடியவில்லை, வாயில் பூட்டு. மறுநாளும் அப்படித்தான். ஒரு வேளைக்கு ஒரு கட்டு வசவு, தாலாட்டாகப் பாடப்பட்டது. பால் கொடுத்து முடித்து வாசலுக்கு வந்ததும் ஓக்லாள் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாள். யாமின் பட்டியிலிருந்து கேட்டுக்கொண்டு நிற்பான். எது சண்டை, எது பாட்டு என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

சிபியாளுக்குக் காய்ச்சல் விட்டது. ஒரு பக்கம் கொஞ்சம் பால் திரும்பியது. பிள்ளைக்கு அது பத்தாது. நோவாள் தன் பங்கில் ஒருவன் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து ஒருநாள் அவன் காலைக் கடித்தாள். அப்புறம் பாலே வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டு போய் ரொட்டி தின்னத் தொடங்கினாள். அவளுக்குப் பால் மறந்த விருந்து வைக்கவில்லை யாரும். பெண்பிள்ளைதானே என்றான் யாமின். ஓக்லாள் அன்றைக்கு அவனைப் பேசிய பேச்சில் சிபியாளும் இரண்டு வார்த்தை சேர்த்துப் போட்டாள். அப்படி ஒரே பக்கம் நின்றது இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு சில நாள் பேசிக்கொள்ளவே இல்லை.

போர் ஓயவில்லை. மோர்த்தோல் யாருக்கு எந்த நாள் என்று சண்டை, ஆடு யாருடையது என்று சண்டை. ஒருநாள் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சிபியாளைப் பார்த்து ஓக்லாள், "அங்க நின்னா என்ன தெரியும்? எறங்கி வந்து பிடி. இடுப்ப வச்சு ஆட்டணும், கைய வச்சு இல்ல. எப்ரோன்ல உங்களுக்கு இடுப்பு இருக்கா?" என்றாள். சிபியாள் இறங்கி வந்தாள். அன்றைக்கு முழுக்கத் திட்டு வாங்கினாள். சாயங்காலம் ஒரு கைப்பிடி வெண்ணெய் திரண்டது. கசப்பாக இருந்தது. இருந்தாலும் வெண்ணெய்தான்.

பேலேத் மூன்று வயதில் பால் மறந்தான். ஆண்பிள்ளை. ஆகவே விருந்து. எப்ரோனிலிருந்து அண்ணன்மார் எல்லாரும் வந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். குட்டி அடித்தார்கள், தாயின் பாலில் குட்டியைச் சமைக்கக் கூடாதென்ற கட்டளைப்படி, எண்ணெயில் வேகவைத்தார்கள். பெரிய மாமன் பேலேத்தை மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சினான்.

"ஏன்டா மருமவனே, இவ்வளவு கொழுகொழுன்னு இருக்கியே, யாருடா பால் குடுத்தா உனக்கு?"

பேலேத் கூட்டத்தைத் தேடினான். அடுப்படியில் குனிந்திருந்த ஓக்லாளைக் கண்டுபிடித்தான். முகம் மலர்ந்தது. பிறந்த நாலாம் மாசத்திலிருந்து இருக்கிறதிலேயே இனிப்பான குரலில் அவன் கேட்டு வளர்ந்த பெயர் அது. அதே ராகத்தில் கூப்பிட்டான்.

"புளிச்ச தோலு."

யாமின் தரையைப் பார்த்தான். சிபியாளின் கையில் இருந்த தட்டு சாய்ந்து ரொட்டி விழுந்தது. மாமன் முகம் சிவந்து, "இத யாரு சொல்லிக் குடுத்தது பிள்ளைக்கு?" என்றான்.

பேலேத் மடியிலிருந்து நழுவி இறங்கினான், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓக்லாளின் அங்கியைப் பிடித்து இழுத்தான்.

"புளிச்ச தோலு. தூக்கு."

ஓக்லாள் சாம்பல் கையை அங்கியில் துடைத்துக்கொண்டாள். சிபியாளைப் பார்த்தாள். சிபியாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. அண்ணன்மார் இருந்தார்கள். மூன்று வருஷ பாக்கியை ஒரே வாக்கியத்தில் தீர்க்க ஓக்லாளுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவளிடம் வாக்கியமும் இருந்தது.

"நான்தான் சொல்லிக்குடுத்தேன்," என்றாள் மாமனிடம். "என் பேரு. உனக்கென்ன வலிக்குது? தின்ன வந்தியா, நியாயம் கேக்க வந்தியா?"

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அவன் அவள் தோளில் தலை சாய்த்துக்கொண்டான்.

"எனக்கு அந்தப் பேரு பிடிக்கும்," என்றாள் இன்னும் யாரோ கேட்ட மாதிரி. "வேற எவளாவது சொன்னா பல்ல உடைப்பேன்."

சிபியாள் கீழே விழுந்த ரொட்டியைப் பொறுக்கி, மண்ணைத் தட்டினாள். ஓக்லாளைக் கடந்து போகும்போது, பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாக, ராகத்தோடு, "உன் புளிச்ச தோல்கிட்ட சொல்லு, ராசா... அடுப்புல கறி தீயுது," என்றாள்.